வாயிலை அடைக்குமுன்

பொதுவிடங்களைக் காக்க நுழைவு விதிகள் தேவையே. ஆயினும், அவை ஒருவரின் செயலைப் பார்க்க வேண்டுமேயன்றிப் பிறப்பைப் பார்த்தல் ஆகாது.

மகாராட்டிரத்தின் மகாத் நகரிலுள்ள சவுதார் குளத்தை நகராட்சி அனைவருக்கும் திறந்துவிட்டிருந்தும், ஒடுக்கப்பட்டோர் அங்கு நீரெடுக்க இயலவில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் அம்மக்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். சாதியின் பெயரால் அத்தகைய தடை விதிப்பதை இன்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு தடுக்கிறது.

குழந்தைகளுக்கோ சட்டம் மேலும் ஒரு காப்பை அளித்துள்ளது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தவறிழைத்தவரை நீக்கினால்தானே ஒழுங்கு நிலைக்கும் எனச் சிலர் வினவுவர். வகுப்பறை திருத்தாத பிழையைத் தெரு திருத்துமா? திருத்துவதே பள்ளியின் கடமை. வாயிலை அடைப்பது அக்கடமையைக் கைவிடுவதாகும்.