கட்டணம் வாங்கியவர் நோயாளியையும் காட்டட்டும்

நண்பர் ஒருவரின் மகள் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் தாதியாகப் பணிபுரிகிறார். கொழும்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஓடி விளையாடிய பிள்ளை. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, பாடமெல்லாம் முடிஞ்சுது. இனி என்னைப் பக்கத்தில நிக்க விடுறதுக்கு ஒரு டொக்டரைத் தேடித் திரியிறன்" என்றார். பகிடி என்றே முதலில் நினைத்தேன். பகிடியல்ல.

அவர் பயில்வது 'நேர்ஸ் பிராக்டிஷனர்' எனப்படும் முதுநிலைப் படிப்பு. நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் தகுதி தரும் படிப்பு அது. பகலில் வேலை, இரவில் கணினித் திரையில் விரிவுரை. இவ்விதம் இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: வைத்தியசாலைப் பயிற்சிக்கான இடத்தையும், அங்கு தம்மைக் கண்காணித்துக் கற்பிக்கும் பயிற்றுநரையும் மாணவரே தேடிக்கொள்ளல் வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்களுக்கு எழுதினார். பலர் பதிலே அனுப்பவில்லை. சிலர், உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டோம் என்றனர். இறுதியில் இடம் பிடித்துத் தருவதாக ஒரு தரகு நிறுவனம் முன்வந்தது. அதன் கூலி சில ஆயிரம் டொலர். இப்படியான தரகு அந்நாட்டில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கல்யாணத் தரகரைக் கண்டிருக்கிறோம், காணித் தரகரைக் கண்டிருக்கிறோம். கட்டணம் முழுவதையும் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ள, கற்பிப்பவரைப் பிடித்துத்தர இன்னொருவருக்குக் கூலி கொடுக்கும் விந்தையை இப்போதுதான் காண்கிறேன்.

இணையவழிக் கல்வியை நான் பழிப்பதாக எவரும் கருதவேண்டாம். மருந்தியலும் உடற்றொழிலியலும் திரை வழியே நன்றாகவே கற்பிக்கப்படலாம். கைக்குழந்தையோடு இருக்கும் தாதிக்கும், நகரத்திலிருந்து நூறு மைல் தள்ளி வாழ்பவருக்கும் அது ஒரு வரம். நமது திறந்த பல்கலைக்கழகமும் 1990களில், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு, தொலைக்கல்வி மூலமான தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பதிவுபெற்ற தாதியர். அடிப்படைத் தொழிலை நோயாளியின் அருகில் நின்று கற்று முடித்தவர்கள். நண்பரின் மகளும் பதிவுபெற்ற தாதிதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அவர் கற்க விரும்புவது வேறொரு தொழில். மருந்து கொடுத்துப் பழகியவர், எந்த மருந்தைக் கொடுப்பது என்று முடிவெடுக்கப் பழகவேண்டும். தவறினால் கையைப் பிடித்து நிறுத்த ஒருவர் அருகில் வேண்டும். அந்த ஒருவரைத் திரைக்குள் வைக்க முடியாது. குறைந்தபட்சம் 500 மணித்தியாலமாக இருந்த இந்தப் பயிற்சியை 2022 இல் வெளியான தேசிய நியமங்கள் 750 ஆக உயர்த்தின. உயர்த்தியது சரியே. மேலதிக 250 மணித்தியாலங்களுக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதுதான் கேள்வி.

இந்த வியாபாரம் எப்படிப் பெருத்தது என்பதை அறியப் பணத்தின் தடத்தைப் பின்பற்ற வேண்டும். பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரே உருப்படியான பாடம் அது. அஞ்சல்வழிக் கல்லூரிகளின் மோசடிகளைக் கண்டு சலித்த அமெரிக்கக் காங்கிரஸ், 1992 இல் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. பாதிக்கு மேற்பட்ட பாடங்களையோ மாணவர்களையோ தொலைவிலிருந்து நடத்தும் கல்லூரிகளுக்கு மத்திய அரசின் மாணவர் நிதியுதவி கிடையாது என்பதே அதன் சாரம். 2006 பெப்ரவரியில் கைச்சாத்தான சட்டம் இணையவழிப் படிப்புகளுக்கு அந்தத் தடையை நீக்கியது. அதே சட்டம், பட்டமேற்படிப்பு மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதையும் அரசிடம் கடனாகப் பெறும் 'கிராட் பிளஸ்' திட்டத்தையும் உருவாக்கியது. ஒரே கையெழுத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. எத்தனை பேரையும் சேர்க்கலாம், எவ்வளவு கட்டணமும் கேட்கலாம், அரசு கடன் தரும், கடனாளி மாணவர். விரிவுரை மண்டபம் வேண்டாம், விடுதி வேண்டாம். வைத்தியசாலையோடு ஓர் உடன்படிக்கைகூட வேண்டாமென்று சில நிறுவனங்கள் தாமாகவே முடிவுசெய்துகொண்டன.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிராட் பிளஸ் கடனை நிறுத்தியது. 'தொழில்சார்' பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000 டொலர், ஏனைய பட்டமேற்படிப்புகளுக்கு 20,500 டொலர் என உச்சவரம்பு வகுத்தது. தாதியியலைத் தொழில்சார் பட்டியலில் சேர்க்காத வரைவிலக்கணத்தை 2025 நவம்பரில் கல்வித் திணைக்களம் முன்வைத்தபோது தாதியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. கொதித்தது நியாயமே. வைத்தியமும் சட்டமும் தொழில், தாதியியல் மட்டும் தொழிலல்ல என்று எவன் சொன்னாலும் கோபம் வரத்தான் செய்யும். ஆயினும் அந்த ஆரவாரத்தில் ஒரு குரலை நான் தேடினேன். எவ்வளவு கடன் என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கடனால் மாணவி வாங்குவது என்ன என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

கடனுக்கு இன்னொரு கொடுமையான முகமும் உண்டு. பயிற்சி இடம் கிடைக்காத மாணவி தவணையை ஒத்திவைக்கிறார். குறிப்பிட்ட பாட அளவுக்குக் கீழே அவர் இறங்கியதும் கடனின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆறு மாதம் கடந்தால் திருப்பிச் செலுத்தவேண்டும். பட்டம் இல்லை, பதவி உயர்வு இல்லை, தவணைப்பணம் மட்டும் உண்டு. பல்கலைக்கழகமோ தன் பங்கை முன்பே பெற்றுவிட்டது. மாணவி இடம் தேடிக் களைத்துப் படிப்பைக் கைவிட்டால் அதற்கு நட்டம் ஏதுமில்லை. தேடும் பொறுப்பு ஏன் மாணவியின் தலையில் விழுந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையா?

2023 ஜனவரியில் புளோரிடாவில் மூன்று தாதியர் பாடசாலைகள் 7,600 இற்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்ற விவகாரம் அம்பலமானபோது உலகமே வாய்பிளந்தது. அது பொலிஸார் கவனிக்கவேண்டிய குற்றம், கவனித்தார்கள். நான் சொல்வது முற்றிலும் சட்டபூர்வமானது. இங்கே மாணவி நேர்மையாகப் படிக்கிறார், பரீட்சை எழுதுகிறார், கட்டணமும் கட்டுகிறார். ஆகவே கைது செய்ய ஆளில்லை.

பயிற்றுநர்களுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு, பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்பது வழமையான பதில். தட்டுப்பாடு உண்மைதான். 2021 இல் மட்டும் 91,938 தகுதியான விண்ணப்பங்களை (விண்ணப்பதாரர்களை அல்ல, ஒருவரே பல இடங்களுக்கு விண்ணப்பிப்பார்) அமெரிக்கத் தாதியியல் கல்லூரிகள் நிராகரித்தன. விரிவுரையாளர்களும் பயிற்சி இடங்களும் பயிற்றுநர்களும் போதாமை முக்கிய காரணங்களாகக் கூறப்பட்டன. அதாவது, தன்னிடம் எத்தனை இடம் உண்டு என்று எண்ணிப்பார்த்த கல்லூரி விண்ணப்பதாரரைத் திருப்பி அனுப்பியது. எண்ணிப்பாராத நிறுவனம் அவரை வரவேற்று வாழ்த்து மடல் அனுப்பியது. தட்டுப்பாட்டைக் காரணம் காட்டும் உரிமை முன்னதற்கு உண்டு, பின்னதற்கு இல்லை.

அரசும் கைகழுவ முடியாது. பயிற்சி வைத்தியர்களுக்காக 'மெடிகெயார்' நிதி பல தசாப்தங்களாக வைத்தியசாலைகளுக்குக் கோடிகோடியாகப் பாய்கிறது. உயர்நிலைத் தாதியரைப் பயிற்றவும் அவ்வாறு கொடுத்துப் பார்ப்போம் என்று 2012 இல் ஐந்து வைத்தியசாலைகளில் 20 கோடி டொலரில் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கி, 2018 இல் முடிந்தது. நிரந்தரமாக்கப்படவில்லை. ஜோர்ஜியா மாநிலம் 2014 இல், ஊதியமின்றிக் கற்பிக்கும் பயிற்றுநர்களுக்கு வரிச்சலுகை வழங்க முன்வந்தது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நல்ல முயற்சிகள். ஆனால் கட்டணத்தை வாங்குவது மாநில அரசு அல்லவே.

என் கோரிக்கை மிக எளிது. பயிற்சி இடம் எழுத்தில் உறுதியாகாத எந்த மாணவரையும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால், இடம் கிடைக்கும்வரை கட்டணமும் கடனும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நிற்கவேண்டும். மத்திய நிதியுதவிக்கு இதை நிபந்தனையாக்கினால் போதும். பயிற்றுநர்களைத் தேடும் வேலை ஒரே வாரத்தில் பல்கலைக்கழக அலுவலகங்களுக்கு இடம்பெயர்ந்துவிடும்.

நண்பரின் மகளுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். இவ்வாண்டு எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை மருத்துவ நிலையங்களோடு உடன்படிக்கை வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி அனுப்பும்படி. அனுப்பினார். மூன்று வாரமாகிறது. அடுத்த தவணைக்கான கட்டண அறிவித்தல் மட்டும் வந்திருக்கிறது.