இன்னொரு லெப்டொப் எதற்கு?

ரெண்டு நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான். காலைக் கூட்டத்தில் கிராஅத் முடிந்த கையோடு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போய்விட்டது. கம்பியூட்டரில் நின்ற தரம் 11 மாணவனுக்கு எல்லார் முன்னாலும் ஏச்சு. இப்போது கூட்டத்துக்கென்று தனி லெப்டொப் வாங்க பிள்ளைக்கு 500 ரூபாய் சேர்க்கப் போகிறார்களாம். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு 1,500. கூலிக்குப் போகும் வாப்பாவிடம் இதைக் கேட்க நமக்கு வாய் வருகிறதா?

அந்த லெப்டொப்பில் கிராஅத், தேசிய கீதம், ஆங்கிலப் பாட ஒலிப்பதிவு, விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட பாட்டு எல்லாம் ஒரே லைப்ரரியில் கிடக்கின்றன. ஒன்று முடிந்தால் அடுத்ததை எடுப்பது பிளேயரின் வேலை. சீனியையும் உப்பையும் ஒரே போத்தலில் போட்டு வைத்துவிட்டு தேத்தண்ணி ஊற்றிய பிள்ளைக்கு ஏசுகிறோம்.

வழி இருக்கிறது, அதுவும் சும்மா. பூபார்2000 என்ற பிளேயரை விண்டோஸில் இலவசமாகப் போடலாம். போடும்போது 'போர்ட்டபிள்' என்பதைத் தெரிவு செய்து இரண்டு போல்டர்களில் இரண்டு தரம் போடுங்கள். ஒவ்வொன்றும் தன் லைப்ரரியையும் செட்டிங்கையும் தன் போல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒன்றுக்கு கிராஅத்தும் கீதங்களும் உள்ள போல்டரை மட்டும் காட்டுங்கள், மற்றதற்கு வகுப்பு ஒலிப்பதிவுகளை. பிறகு நோட்பேடில் மூன்று வரி பேட்ச் கோப்பு: வகுப்புப் பிளேயருக்கு 'எக்ஸிட்' கட்டளை, சில செக்கன் பொறு, கூட்டப் பிளேயரைத் திற. இதையே மாற்றி எழுதி இன்னொரு கோப்பு. டெஸ்க்டொப்பில் 'கூட்டம்', 'வகுப்பு' என்று இரண்டு ஐகன். கைதவறி அடுத்தது ஓடினாலும் தேசிய கீதம்தான் ஓடும். (லினக்ஸ்காரர்கள் எம்.பி.டி.யை இரண்டு கொன்பிக் கோப்புகளோடு மாற்றி மாற்றி ஓட்டலாம். ஐடியூன்ஸ் என்றால் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும்.)

"ஸ்கிரிப்ட் எல்லாம் யாருக்கு விளங்கும் சேர்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். ஏச்சு வாங்கிய அந்தப் பிள்ளைக்கு விளங்கும். பாடப் புத்தகத்தில் பாஸ்கல் படிக்கிறான், இந்த மூன்று வரி அவனுக்கு ஒரு இன்டர்வல் நேர வேலை. புது லெப்டொப் வாங்கினாலும் இரண்டு மாதத்தில் யாராவது பென்ட்ரைவில் கல்யாண வீட்டுப் பாட்டைக் கொண்டுவந்து அதிலும் கொட்டத்தான் போகிறார்கள். அப்போது மூன்றாவது லெப்டொப்புக்கு மறுபடி 500 ரூபாயா?

அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களே, காசு சேர்ப்பதை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள். சனிக்கிழமை நான் வருகிறேன். அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கள், கோப்பை அவனே எழுதட்டும். ஏசியவர்களும் கட்டாயம் வந்து பக்கத்தில் இருங்கள்.