வில்லங்கத்தில் 'நில்' வந்தால் வீடு சுத்தமா? காரைக்குடியில் புரோக்கரை நம்பி வீடு வாங்குவோர் மாட்டிக்கொள்வது எங்கே?

காரைக்குடி,

செக்காலை ரோட்டில் டீக்கடையில் நின்று, "மூணு சென்ட்ல சின்ன வீடு இருந்தா சொல்லுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் இரண்டு புரோக்கர் வந்து நிற்பார்கள். பைக்கில் ஏற்றிக்கொண்டு கோட்டையூர், கண்டனூர், அமராவதிபுதூர் என்று சுற்றிக் காட்டுவார்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து பேச்சே மாறிப்போச்சு. "கார்ப்பரேஷன் லிமிட்டுண்ணே, இப்ப விட்டா கிடைக்காது" என்பது முதல் வசனம். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு, டோக்கனைப் போடுங்க" என்பது இரண்டாவது.

புரோக்கர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. செட்டிநாட்டில் வீட்டுக்காரர் சென்னையில் இருப்பார், தம்பி மலேசியாவில் இருப்பார், சாவி பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் இருக்கும். யார் விற்கிறார்கள் என்பதே புரோக்கருக்குத்தான் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு பெர்சன்ட், ரெண்டு பெர்சன்ட் கமிஷன் கைக்கு வருவது பத்திரம் பதிகிற அன்றைக்கு. அதற்குப் பிறகு வருகிற வழக்கு எல்லாம் வாங்கினவர் தலையில்தான்.

என் மச்சான் விஷயத்தைச் சொல்கிறேன். கொத்தனார் வேலை பார்க்கிறவர். ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு 50 ஆயிரம் டோக்கன் கொடுத்தார். ரசீது கிடையாது. "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, 30 வருசத்துக்கு நில்" என்று புரோக்கர் பேப்பரைக் காட்டினார். கடைசியில் விற்கிற அண்ணன் தம்பிக்கு ஒரு அக்கா இருப்பது தெரிந்தது. அந்தம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஓனரைக் கேட்டால் "புரோக்கர்கிட்ட இருக்கு", புரோக்கரைக் கேட்டால் "ஓனர்கிட்ட கொடுத்தாச்சு". எட்டு மாசம் அலைந்து துண்டு துண்டாகத்தான் பணம் திரும்பியது.

'நில்' என்றால் என்ன?

இங்கேதான் நம்ம ஊர் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்றில் வருவது பதிவு ஆபீசில் பதிந்த பத்திரங்கள் மட்டுமே. தாத்தா இறந்து அப்பாவுக்கு வந்தது, அப்பா இறந்து ஏழு பிள்ளைகளுக்கு வந்தது எதுவும் அதில் வராது. பதியாத உயிலும் வராது.

செட்டிநாட்டு வீடுகள் பல தலைமுறையாகக் கைமாறாதவை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதித்த காலத்தில், இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைவாசல் என்று கட்டினார்கள். இன்று ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது புள்ளி பங்கு இருப்பது சாதாரணம். இப்படிப்பட்ட வீட்டுக்கு வில்லங்கம் போட்டால் 'நில்' என்று வராமல் வேறு என்ன வரும்? யாரும் எதையும் பதியவில்லை என்பதைத்தான் அந்தப் பேப்பர் சொல்கிறது. பங்காளி இல்லை என்று அது சொல்லவே இல்லை. பெரிய வீடு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மச்சான் பார்த்தது இரண்டு ரூம் ஓட்டு வீடு.

அதனால் வில்லங்கத்தோடு வாரிசு சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்து வேண்டும், பெண் பிள்ளைகள் உள்பட. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. 2005-ல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணம் ஆனவர்களுக்கும் பங்கு கிடைத்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. "சீர் செஞ்சு கட்டிக்கொடுத்தாச்சு, அவுக வரமாட்டாக" என்கிற பேச்சு கோர்ட்டில் செல்லாது.

வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கொடுத்தவர் போய்விட்டால் சாதாரண பவரும் அவரோடு போச்சு.

பங்கு மட்டும் வாங்கலாமா?

"நாலில் ஒரு பங்கு, சல்லிசா வருது" என்றும் சொல்வார்கள். பிரிக்காத குடும்ப வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால், உள்ளே போய்க் கூட்டாகக் குடியிருக்க உரிமை கேட்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அந்தப் பங்கை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளக் குடும்பத்தாருக்கு வழி உண்டு. அதற்குள் உங்கள் பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துவிடும்.

மனை என்றால்...

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று இன்னமும் சிலர் சொல்லி விற்கிறார்கள். லே-அவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2016 செப்டம்பரில் உத்தரவு போட்டபோது எத்தனை குடும்பம் தவித்தது என்பது நினைவிருக்கும். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. டி.டி.சி.பி. எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 12 சென்ட் சொச்சத்துக்கு மேல் பிரித்து விற்கும் புது லே-அவுட் என்றால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும். அதில் மனை விற்றுத் தருகிற ஏஜெண்டும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். பழைய வீட்டுப் புரோக்கருக்கு இந்தச் சட்டம் எட்டாது, அங்கே நாமதான் உஷாராக இருக்க வேண்டும்.

கண்மாய்ப் பொறம்போக்கு, கோவில் இடம் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

வீட்டு விலையை மட்டும் சேர்த்து வைத்துவிட்டு, பதிவுச் செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறவர்கள் நிறைய. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சத்துக்கு 90 ஆயிரம் ஆகிவிடும். எழுத்தர் கூலி, கமிஷன் தனி. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. 10 லட்சத்துக்கு 10 ஆயிரம் மிச்சம்.

டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. tnreginet தளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமலே பார்க்கலாம், புரோக்கர் கொடுத்த ஜெராக்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணத்தை ஓனர் கணக்கில் பேங்க் மூலம் போடுங்கள். கிரய அக்ரிமெண்டைப் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 முதலே சட்டம் இருக்கிறது. மச்சானுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது, எனக்கும்தான். இப்போது அவர் வேறொரு வீடு பார்த்திருக்கிறார். வாரிசு சான்றிதழில் ஆறு பேர். ஐந்து கையெழுத்து வந்தாச்சு, ஆறாவது ஆள் கோலாலம்பூரில் இருக்கிறார். அது வரும் வரை டோக்கன் கிடையாது என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டார்.