முடிந்த புகாரும் முடியாத பழுதும்

சொற்களின் பொருள் காலப்போக்கில் மாறுவது மொழியின் இயல்பு. ஆயின், பணம் பெறுவோர் தம் வசதிக்கேற்பச் சொல்லின் பொருளை மாற்றிக்கொள்வது மொழியின் இயல்பன்று. அது மக்களை ஏய்க்கும் வழி. ‘தீர்வு’ என்னும் நல்ல சொல்லுக்கு இன்று அந்நிலை நேர்ந்துள்ளது. வீட்டு இணைய இணைப்பு பழுதுபட்டதென்று முறையிடுகிறோம். இரண்டொரு நாளில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது, தங்கள் புகார் தீர்க்கப்பட்டதென்று. இணைப்போ முன்போலவே அறுந்தும் கூடியும் அல்லற்படுத்துகிறது. அப்படியாயின் தீர்ந்தது எது? அவர்தம் பதிவேட்டில் ஒரு வரி. தீராதது எது? பழுது. புகார் முடிவதும் பழுது தீர்வதும் ஒன்றல்ல என்பதை உரக்கச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது.

இஃது ஒரு சிறு குறை, இதற்குமா ஒரு கட்டுரை என்று கேட்பார் உளர். 2020 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை அவர்கள் நினைவுகூரட்டும். பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகை கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் சபா மாநிலத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வெழுத அலைவரிசை தேடி மரமேறி இரவைக் கழித்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. உலுக்கியதும் முறையே. அங்கே அலைவரிசை எட்டவில்லை. இல்லாமையைக் கண்டு நாடு இரங்கிற்று. ஆயின், இணைப்பு இருந்தும் இயங்காத வீட்டுக்கு இரங்குவார் யார்? அவ்வீடு கணக்கேட்டில் ‘இணைப்புப் பெற்ற வீடு’. மாதந்தோறும் கட்டணமும் செலுத்துகிறது. அங்கே ஒரு மாணவன் இணையவழி வகுப்பிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி எறியப்படுவது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

பழுதின் இயல்பைச் சற்று நோக்குவோம். இன்று பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் ஒளியிழை வழியே வருகிறது. மயிரிழை போன்ற கண்ணாடி நூலில் ஒளி பாய்ந்து செய்தியைச் சுமக்கிறது. அவ்விழை கூர்மையாக மடங்கினால் ஒளி கசிகிறது. இணைப்பு முனையில் தூசு படிந்தால் ஒளி மங்குகிறது. பழைய செப்புக் கம்பியாயின், இணைப்பில் நீர் புகுந்தால் இரைச்சல் மிகுகிறது. இத்தகைய பழுது காற்றிலும் மழையிலும் தலைகாட்டி, வெயிலில் ஒளிந்துகொள்ளக் கூடியது. நம் நாட்டில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வருகின்றன; பழுதுபார்ப்பவரோ காலையில் வருகிறார். கருவியைச் செருகுகிறார், வேகத்தை ஒருமுறை அளக்கிறார், சரியாக இருக்கிறதென்று புகாரை மூடிவிட்டுப் போகிறார். காய்ச்சல் தணிந்த வேளையில் வந்து நாடி பார்த்து, நோயே இல்லை என்று சொல்லும் மருத்துவரை என்னென்பது?

என் வீட்டில் இது நிகழ்ந்தது. இரண்டு திங்களில் நான்கு முறை புகார் செய்தேன். நால்வர் வந்தனர், நால்வரும் வெவ்வேறு ஆட்கள். முதல்வர் மோடத்தை மாற்றினார். இரண்டாமவர் அதனை அணைத்து ஏற்றினார். மூன்றாமவர் என் கணினியைக் குறை கூறினார். நான்காமவர் வாசலோடு திரும்பினார். நான்கு புகார்களும் ‘தீர்க்கப்பட்டன’. ஐந்தாம் முறை வந்த இளைஞர் மட்டும் ஏணியைச் சாத்திக் கம்பத்தின் மேலிருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒளியிழை மடங்கி, மூடியின் விளிம்பில் நசுங்கிக் கிடந்தது. காற்றில் கம்பி அசைந்தபோதெல்லாம் ஒளி தடைப்பட்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அரை மணி நேர வேலைக்கு இரண்டு திங்கள்! அவ்விரு திங்களுக்கும் கட்டணத்தில் ஒரு காசும் தானாகக் குறையவில்லை. எழுதிக் கேட்ட பிறகே ஒரு பகுதி கழிக்கப்பட்டது.

இதற்கு நிறுவனத்தார் பக்கமிருந்து எழும் மறுமொழிகளை அறிவோம். ‘மழையையும் காற்றையும் நாங்கள் தடுக்க முடியுமா?’ என்பர். தடுக்க வேண்டா, அவை வரும் என்று அறிந்து பெட்டியைச் செம்மையாக மூடினால் போதும். ‘விருப்பமில்லையேல் வேறு நிறுவனத்துக்கு மாறலாமே’ என்பர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் மாறினால் தண்டம் கேட்பவர் யார்? அன்றியும், பல இடங்களில் பெயர்ப்பலகைதான் வேறு, வீட்டுக்கு வரும் இழை ஒன்றே. ‘பழுதுபார்க்க வருபவர் ஏழைத் தொழிலாளி, அவரைக் கடிந்துகொள்ளலாமா?’ என்பாரும் உண்டு. அவரைக் கடிவது என் நோக்கமன்று. எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்று எண்ணிக் கூலி கொடுக்கும் முறை இருக்குமிடத்தில், ஏணியேறி நேரம் செலவிடுபவர் நட்டப்படுகிறார். வாசலோடு திரும்புபவர் வாழ்கிறார். குற்றம் ஆளிடத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

நாம் கட்டணம் செலுத்தச் சில வாரம் தாழ்த்தினால் என்ன நிகழ்கிறது? இணைப்பைத் துண்டிக்க எவரும் ஏணி கொண்டு வருவதில்லை, இயந்திரமே துண்டிக்கிறது. நம் தவற்றை நொடியில் காணும் அதே இயந்திரத்துக்கு, ஒரே வீட்டின் இணைப்பு ஒரு மாலையில் இருபது முறை அறுவது மட்டும் கண்ணில் படாதோ? படும். பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் நம் பக்கமே உள்ளது. சேவை வழங்குவோர் பயனீட்டாளரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், அவர்தம் புகார்களைப் போதிய அளவில் கவனிக்க வேண்டும் என்பது 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 188 ஆம் பிரிவு விதிக்கும் கடமை. பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பது ‘கவனிப்பு’ ஆகுமா? ஆகாது. எனவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. பழுது தீர்ந்ததென்று வீட்டார் ஒப்பும்வரை புகாரை மூடலாகாது. ஒரு திங்களுக்குள் மீண்டும் எழும் புகாரைப் புதியதாகப் பதியாமல், பழையதன் தொடர்ச்சியாகக் கொண்டு மூத்த பொறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இணைப்பு இயங்காத நாளுக்குரிய கட்டணம், கேளாமலே கழிக்கப்பட வேண்டும்.

தமிழாசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். நம் மாணவர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அடைத்துக்கொண்ட கால்வாயையும் அள்ளப்படாத குப்பையையும் பற்றி ஆண்டுதோறும் எழுதிப் புள்ளி பெறுகிறார்கள். அக்கடிதங்கள் எந்த அலுவலகத்தையும் சென்றடைவதில்லை. இனி அவர்கள் தத்தம் வீட்டு இணைப்பைப் பற்றி உண்மையான கடிதம் எழுதட்டும். அறுந்த நாள், மணி, அன்றைய வானிலை, மோடத்தில் எரிந்த விளக்கின் நிறம், வந்தவர் செய்த வேலை, புகார் எண் ஆகியவற்றை நிரல்பட எழுதப் பழகட்டும். ‘அடிக்கடி அறுகிறது’ என்று எழுதினால் மறுப்பது எளிது. ‘இம்மாதம் 3, 7, 12 ஆம் நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் அறுந்தது’ என்று எழுதினால் மறுப்பது அரிது. தமிழில் அவ்வாறு நிரல்படச் சிந்திக்கக் கற்றவர், அதனையே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்புவார்; அங்கே நீதி கிட்டாவிடில் ஆணையத்துக்கும் அனுப்புவார். மாணவர்களே, உங்கள் வீட்டுப் புகார் தீர்ந்துவிட்டதென்று குறுஞ்செய்தி வந்தால், அடுத்த மழை வரும்வரை அதனை நம்பாதீர்கள். அம்மழையில் இணைப்பு அறுந்தால், பழைய புகார் எண்ணையே குறிப்பிட்டு அன்றே எழுதுங்கள்.