ஆணிக்குக் கீழே ஒரு மரம்

பாறையில் ஆணி அடிக்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளாக நடந்த இந்தச் சண்டையில் பாறையேறிகள் வென்றுவிட்டார்கள். கயிறு மாட்டுவதற்காகப் பாறையில் நிரந்தரமாகப் பதிக்கும் போல்ட்டுகளை, 1964ஆம் ஆண்டு வனவெளிச் சட்டம் தடுக்கும் கட்டுமானங்களோடு சேர்த்து 2023 நவம்பரில் ஒரு வரைவு விதி வந்தது. கூச்சல் எழுந்ததும் தேசியப் பூங்காத் துறை 2024இல் அதைச் சுருட்டி வைத்தது. 2025 ஜனவரி 4 அன்று ஜோ பைடன் கையெழுத்திட்ட ‘எக்ஸ்ப்ளோர்’ சட்டம் ஆணிக்கு இடம்கொடுத்ததோடு, 18 மாதங்களுக்குள் வழிகாட்டுதல் வெளியிட வேண்டும் என்று துறைகளுக்குக் கெடுவும் வைத்தது. சினிமாக் காமெடியில் வரும் காண்ட்ராக்டர் நேசமணியின் ஆணிப் பஞ்சாயத்து அமெரிக்க நாடாளுமன்றம்வரை போய்விட்டது!

இவ்வளவு பேசியவர்கள் ஆணிக்குக் கீழே குனிந்து பார்த்தார்களா? விரல் பருமன் இரும்பால் பாறைக்கு வரும் கேடு சொற்பம். அடிவாரத்தில் மிதிபடும் மண், பிடி கிடைப்பதற்காகச் சுரண்டி எறியப்படும் பாசி, குறுக்கே நிற்கிறது என்று ஒடிக்கப்படும் கிளை ஆகியவைதான் உண்மையான கேடு. கனடாவின் நயாகரா செங்குத்துப் பாறைகளில் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளை சீடர் மரங்களை யாரும் பொருட்படுத்தியதில்லை. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சன் குழு 1980களின் இறுதியில் அவற்றின் வளையங்களை எண்ணிப் பார்த்தது. சில மரங்கள் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை. தஞ்சைப் பெரிய கோயிலின் வயதை ஒத்த மரம், இடுக்கில் ஒரு பிடி மண்ணை வைத்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. ஆட்கள் ஏறும் பாறைகளில் மரங்கள் குறைவு, வெட்டுக்காயங்கள் அதிகம் என்பதையும் அதே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். வெட்டியவர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்களுக்கு அது வெறும் புதர்.

ஆணியே கூடாது என்ற தூய்மைவாதிகளோடு வாதாடிப் பயனில்லை. ஆணி இல்லாத இடத்தில் இறங்குபவர் கயிற்றை எதில் கட்டுவார்? அந்த மரத்தில்தான்.

சரி, பாறையேறிகளுக்குக் கற்றுக்கொடுப்போம் என்கிறார்கள். எப்படி? ஒரு பலகை, ஒரு துண்டறிக்கை, ‘தடயம் விடாதீர்’ என்ற ஏழு கொள்கைகள், இணையத்தில் சொடுக்கினால் முடிந்துபோகும் உறுதிமொழி. உள்ளரங்கச் சுவரில் பிளாஸ்டிக் பிடிகளைப் பற்றிப் பழகிவிட்டு, ஒரு சனிக்கிழமை நேரே பாறைக்கு வருகிறவரிடம் இதைக் கொடுப்பது, நீச்சல் தெரியாதவன் கையில் ஆற்றின் வரைபடத்தைத் திணிப்பது போல. இதற்குக் கல்வி என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உண்மையான கல்வி வேறு மாதிரி இருக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு அருகே எல்பே ஆற்றங்கரையில் 1,100க்கும் மேற்பட்ட மணற்கல் கோபுரங்கள் தனித்தனியாக நிற்கின்றன. சாக்சன் சுவிட்சர்லாந்து என்று பெயர். ருடால்ஃப் ஃபேர்மான் என்ற ஏறுநர் 1913இல் தன் வழிகாட்டி நூலோடு சில விதிகளை அச்சிட்டார். அந்த மரபில்தான் இன்றும் ஏறுகிறார்கள். தனித்து நிற்கும் கோபுரத்தில் மட்டுமே ஏறலாம். இடுக்கில் உலோகக் கருவியைச் செருகக் கூடாது. முடிச்சிட்ட கயிற்றைத்தான் திணிக்க வேண்டும். நனைந்த பாறையைத் தொடக் கூடாது, ஈர மணற்கல் வலுவிழந்து உடையும். கையில் வெள்ளைப் பொடி பூசக் கூடாது. அந்தப் பொடி பெரணிகளையும் பாசிகளையும் முளைக்கவிடாமல் கெடுக்கிறது என்று சுவிஸ் ஆய்வாளர்கள் எழுதியது 2020இல். சாக்சனிக்காரர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே பொடியை ஒதுக்கிவிட்டார்கள். விதியை மீறி உச்சியைத் தொட்டால் சக ஏறுநர்கள் அதை ஏற்றமாகவே ஒப்புவதில்லை. அதைவிடப் பெரிய அபராதம் எது? அமெரிக்காவின் ரெட் ராக் பள்ளத்தாக்கும் மணற்கல்தான். மழைக்குப் பிறகு ஏறாதீர்கள் என்று அங்கே கெஞ்சுகிறார்கள்.

சாக்சனியிலும் திருட்டுத்தனமாகப் பொடி பூசுபவர்கள் உண்டே என்று கேட்பார்கள். இருக்கட்டும். திருட்டுத்தனமாகப் பூச வேண்டியிருக்கிறது அல்லவா?

அமெரிக்கர்களுக்கு இந்தச் சுயகட்டுப்பாடு வராது என்பதும் சாக்குதான். பாறை இடுக்குகளில் அறையும் எஃகு முளைகளைச் செய்து விற்றே பிழைத்தவர் இவான் ஷுயினார்ட். அடித்து அடித்துப் பிடுங்கியதில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பாறை இடுக்குகள் சிதைவதைப் பார்த்தார். 1972இல் தன் விற்பனைப் பட்டியலிலேயே, சுத்தியல் இல்லாமல் ஏறுவது பற்றி டக் ராபின்சன் எழுதிய 14 பக்கக் கட்டுரையை அச்சிட்டார். சில மாதங்களில் அவருடைய முளை வியாபாரமே படுத்துவிட்டது. அரசு ஒரு வரி எழுதவில்லை.

ஆகவே, ‘எக்ஸ்ப்ளோர்’ சட்டம் கேட்ட வழிகாட்டுதலில் ஆணிக்கு ஒரு பக்கம் போதும். மீதியில் இதை எழுதட்டும்: மூத்த ஏறுநர் ஒருவரின் கீழ் ஓராண்டு பழகாதவருக்குத் தேசியப் பூங்காவின் எந்தப் பாறையிலும் இடமில்லை. அந்த ஓராண்டில் பாதி நாள் கயிறு வேண்டாம். அடிவாரப் பாதையைச் செப்பனிடட்டும். யோசெமிட்டியின் பெரும்பாறைகளில் இரவு தங்க 2021 முதல் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக்கு வருபவரை, தான் ஏறப்போகும் பாறையில் வளரும் மூன்று செடிகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாதவர் திரும்பிப் போகட்டும். உள்ளரங்கச் சுவர் அவருக்காகத்தான் திறந்திருக்கிறது.