வெட்டும் இடம்

2012இல் லண்டன் பிடி கோபுரத்தின் 29ஆம் மாடியில் நான்கு கேமராக்களை நிறுத்தி நகரத்தைச் சுற்றிவரப் படமெடுத்தார்கள். மொத்தம் 48,640 படங்கள். கணினியில் அவற்றை ஒட்டி, 320 கிகாபிக்சல் கொண்ட ஒரே பனோரமாவாக அடுத்த ஆண்டு இணையத்தில் வைத்தார்கள். இதைப் போன்ற படத்தைத் திறந்ததும் தெரிந்த கட்டடத்தைத் தேடிப் போவதுதான் வழக்கம். சிலர் மட்டும் பேர்தெரியாத கூரைகளுக்குள் புகுந்து முக்கோணங்களையும் செவ்வகங்களையும் தேடுகிறார்கள். கண்ணுக்கு அமைந்ததைத் திரையிலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். அது புகைப்படமே என்பது எங்கள் கட்சி.

தொலைவு இங்கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு வீடுகளை நெருக்கிப் பார்த்தால் நடுவிலுள்ள தெரு காணாமல் போகும். முன்வீட்டுக் கூரைச்சரிவு பின்வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். செங்கல் புகைபோக்கியின் தலையில் வரிசையாகச் சுடுமண் குழாய்கள்; அவற்றுக்குப் பின்னால், இடைவெளியே இல்லாததுபோல், ஓர் அலுவலகத்தின் கண்ணாடிக் கட்டங்கள். குழாயின் வளைவும் கண்ணாடியின் நேர்கோடும் அங்கே ஒரே தளத்தில் மோதுகின்றன.

வடிவங்களுக்கிடையிலான இந்த உறவைத் தேடுபவரால் மாற்ற முடியாது. ஓர் அடி தள்ளி நின்று பார்க்கவோ, மாலை வெயிலுக்குக் காத்திருக்கவோ வழியில்லை. 1928இல் பெர்லின் வானொலிக் கோபுரத்தின் மேலிருந்து நேர்கீழே பார்த்துத் தரையை வட்டங்களும் கோடுகளுமாக்கிய புகைப்படக் கலைஞர் மொஹோலி-நாகிக்கு நிற்கும் இடமும் நேரமும் தன் கையில் இருந்தன. திரையில் தேடுபவர் கையில் இருப்பது நான்கு ஓரங்கள் மட்டுமே. மேலே ஒரு கீற்று வானத்தை விட்டுவைத்தால் அது வீடு, குடியிருப்பு, ஊர். அதை நறுக்கிவிட்டால் செம்மண் நிறமும் சாம்பலும் மாறிமாறி வரும் கட்டங்கள். ஹாங்காங் அடுக்குமாடிகளை எடுத்த மைக்கேல் வுல்ஃப் வானத்தையும் தரையையும் விலக்கியதால்தான் அந்தச் சுவர்களுக்கு முடிவே இல்லாமல் போயிற்று. கேமரா 48,640 தடவையும் ஒரே அக்கறையோடு பார்த்தது. புகைபோக்கியும் பாராளுமன்றமும் அதற்கு ஒன்று. விருப்பம் என்ற ஒன்று அந்தப் படத்துக்குள் நுழைவது வெட்டும்போதுதான்.

அதே வுல்ஃப், கூகுள் வீதிக்காட்சியைத் தன் கணினித் திரையில் ஓடவிட்டு, திரையையே கேமராவால் எடுத்தார். அந்தத் தொடருக்கு 2011 உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் சிறப்புக் குறிப்பு கிடைத்தபோது பெரிய வாதம் எழுந்தது. செய்திப்படம் என்ற பெயரில் அதைக் கொண்டாடலாமா என்ற கேள்வி நியாயமானது. சம்பவ இடத்தில் இருப்பது செய்தியாளரின் கடமை. கூரைகளின் வடிவத்தைத் தேடுபவருக்கு அந்தக் கடமை கிடையாது. அவருக்கு வேறு பொறுப்பு உண்டு. இத்தனை துல்லியமான படத்தில் கூரையைத் தேடும் கண் படுக்கையறைச் சன்னலையும் எட்டிவிடும்.

அந்தப் பொறுப்பை மறக்காமல், இப்படி வெட்டியெடுத்த படங்களை இனி எங்கள் பக்கங்களில் வெளியிடுவோம். படத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருக்கும்: பனோரமாவை எடுத்தவர் அல்லது எடுத்த குழு, சட்டகத்தைக் கண்டெடுத்தவர். மூலப்படத்துக்கு உரியவரின் அனுமதியைப் பெற்ற பிறகே அச்சுக்குப் போகும். வீட்டுக்குள் இருக்கும் மனிதர் தெரியும் படம், அமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், திரும்பி வரும். வண்ணத்தைத் திருத்தாமல், கோணலை நிமிர்த்தாமல் அனுப்புங்கள். வெட்டியது எங்கே என்பதைத்தான் பார்க்க விரும்புகிறோம்.