கடல் கடந்தவனின் கையெழுத்து

சவூதி அரேபியாவின் தென்கோடியில், செங்கடல் ஓரத்தில், ஜிசான் என்றொரு நகரம். அங்கே கல் சுமக்கும் தொழிலாளி ஒருவனுக்குத் தஞ்சைத் தரணியில் இரண்டு மா நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை மறைந்துவிட்டார். தங்கைக்குத் திருமணம் உறுதியாகிவிட்டது. நிலத்தில் ஒரு பகுதியை விற்றாக வேண்டும். வாங்குபவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார். வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தன் பொருட்டுத் தம்பி கையொப்பமிடலாம் என்று அவன் எழுதித் தரும் அதிகார ஆவணம், மக்கள் வழக்கிலே சொன்னால், பவர் பத்திரம்.

ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை! இதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த முத்திரை இருக்கும் இடம் ஜித்தாவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம். ஜிசானுக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ள வழி, ஏறத்தாழச் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள தொலைவு. போக ஒரு நாள், வர ஒரு நாள், அங்கே காத்துக் கிடக்க ஒரு நாள். மூன்று நாள் கூலியும் போய், வழிச்செலவும் சேர்ந்து, மேலாளரிடம் விடுப்புக்காகக் கெஞ்சியும் நின்ற பிறகுதான் அந்த ஒரு முத்திரை!

சட்டம் கருமித்தனம் காட்டியதா? இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழ்பவன் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் எழுதித் தரும் அதிகார ஆவணத்தை ஏற்கிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், தூதரக அதிகாரிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உறுதிமொழி பெறவும், பிரமாண வாக்குமூலம் வாங்கவும், உள்நாட்டில் நோட்டரி செய்யும் பணி அனைத்தையும் அயல்நாட்டில் செய்யவும் அது அவர்களுக்கு உரிமை தந்தது. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் நோட்டரிப் பணியைத் தூதரகக் கடமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. தூதரகச் சான்று பெற்ற அதிகார ஆவணம் முறையாக எழுதப்பட்டதே என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. அதனிடத்தில் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது.

பின் எங்கே இருக்கிறது தடை? தொலைவு ஒன்று, அதனினும் கொடியது மற்றொன்று. பணி முனையில் காலடி வைத்த அன்றே தொழிலாளியின் கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் முதலாளிகள் வளைகுடா நாடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அந்நாட்டுச் சட்டங்கள் தடுத்தும் அந்த வழக்கம் ஒழிந்தபாடில்லை. தூதரகச் சாளரத்திலோ முதற் கேள்வி, 'கடவுச்சீட்டு எங்கே?' என்பதுதான். இல்லை என்றால், போய்க் கொண்டு வா என்பதே மறுமொழி.

தோழர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கடவுச்சீட்டு எக்காலத்தும் மத்திய அரசின் உடைமை என்கிறது. அரசின் உடைமையை அயல்நாட்டு முதலாளி ஒருவன் பூட்டி வைத்திருக்கிறான். அந்த அரசின் அதிகாரியோ, பூட்டியவனைக் கேளாமல், பறிகொடுத்தவனைத் திருப்பி அனுப்புகிறார்! திருட்டுக் கொடுத்தவன்மேலேயே வழக்குத் தொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாதே என்பார்கள். உண்மை. முன்னே நிற்பவன் யார் என்று அறியாமல் முத்திரையிடும் அதிகாரியை நாமும் பாராட்ட மாட்டோம். ஆனால் அவன் படமும், கையெழுத்தும், ஊரும் பேரும் கடவுச்சீட்டு வழங்கிய அரசின் ஏட்டிலேயே இருக்கின்றன. அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டிய கடமை அரசினுடையதே அன்றி, பாலையில் உழைப்பவனுடையது அன்று.

உள்ளூர் நோட்டரியிடம் போகலாமே என்பாரும் உளர். போகலாம். அயல்நாட்டு ஆவணங்களை ஒற்றைச் சான்றால் ஏற்கும் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 முதலும் சவூதிக்கு 2022 முதலும் நடைமுறையில் உள்ளது. ஆயினும் அங்கே எழுதப்படுவது அரபு மொழி. தான் படிக்க அறியாத எழுத்தின் கீழே தன் பூர்வீக நிலத்துக்குக் கையொப்பமிடு என்று ஒருவனிடம் சொல்வது வழிகாட்டுவதாகுமா?

அதே 33-ஆம் பிரிவைச் சற்றே தொடர்ந்து படியுங்கள். உள்நாட்டில் இருப்பவன் நோயால் நடக்க இயலாதவனாயினும், சிறையில் அடைபட்டவனாயினும், அவன் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை; பதிவாளரே அவனிருக்கும் இடத்துக்குச் செல்லலாம். சிறைக் கைதிக்குக் காட்டிய இந்தப் பரிவு, கடல் கடந்தவனுக்குக் காட்டப்படவில்லை. எந்தக் குற்றமும் செய்யாமல், ஊருக்குப் பணம் அனுப்பியது ஒன்றே அவன் செய்த குற்றம் போலும்!

இதன் விளைவு என்ன? வழியற்றவன் விடுப்பில் ஊர் வரும்போது, எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போகிறான். அந்தத் தாள் நல்லவர் கையில் இருந்தால் நலம். பேராசைக்காரர் கையில் விழுந்தால், பத்தாண்டு வியர்வை ஒரே நாளில் பிறர் பெயருக்கு மாறிவிடும். பவர் பத்திரம் விற்பனைப் பத்திரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தும், அதைக் காட்டி ஏமாற்றுவோர் குறையவில்லை.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, முறை. தொலைவூர்களுக்குத் தூதரக அதிகாரிகள் அவ்வப்போது சென்று முகாம் நடத்துகிறார்கள். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் 'அவ்வப்போது' என்பது 'மாதந்தோறும்' என்றாக வேண்டும். நாளும் இடமும் முன்னரே தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டவனை அரசு ஏட்டைக் கொண்டு அடையாளம் கண்டு முத்திரையிட வேண்டும். பறித்தவனிடமிருந்து அதை மீட்கவும் வேண்டும். ஆவணத்தைத் தமிழில் படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்துப் பெற வேண்டும். தூதரகச் சேவைக்காக இந்தியர்களிடம் பெறும் சிறு கட்டணத்தால் வளர்வது, 2009-இல் அமைந்த இந்தியச் சமுதாய நல நிதி. அவர்கள் தந்த பணத்திலிருந்து ஏழைத் தொழிலாளியின் வழிச்செலவைக் கொடுப்பது தருமம் ஆகாது. திருப்பித் தருவதே ஆகும்.

அரசின் கடமை அது. நம் கடமையும் ஒன்று உண்டு. வெளிநாட்டில் மகன் இருக்கும் வீடு இல்லாத தெரு நம் கிளைகளில் அரிது. அவ்வீடுகளுக்குச் செல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்குமான அதிகாரம் தராமல், புல எண்ணும் நான்கெல்லையும் குறித்து, இன்ன செயலுக்கு மட்டும் என்று எழுதச் செய்யுங்கள். அயல்நாட்டில் எழுதிய ஆவணம் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டு அலைந்த குடும்பங்கள் பல.

கடல் கடந்தவன் அனுப்பும் பணத்தை எண்ணிப் பார்க்கிறது நாடு. அவன் கையெழுத்தையும் மதிக்கப் பழகட்டும்!